குருவிப்பாறைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

"நடங்க, நடங்க. நெழலு நமக்காக நிக்காது" என்று சொல்லியபடி உடையப்பன் பின்னோக்கி நடக்கிறார். முகம் நம்மைப் பார்த்திருக்கிறது. கால்கள் தம் பாட்டுக்குப் பின்னால் போகின்றன. திருக்கோகர்ணம் கோயில் மண்டபத்தில் அத்தனை தூண்களுக்கு நடுவே இப்படித்தான் போவார். ஒரு தூணிலும் முதுகு உரசாது. ஒரு கையில் மூங்கில் கழி, மறு கையில் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிய பித்தளைச் சொம்பு, தோளில் ஒரு பழைய துண்டு. வேட்டிக்கு மேல் யாரோ ஒரு துரை கழித்துப்போட்ட காக்கிக் கோட்டு. அதற்குப் பொத்தான் கிடையாது. "காத்து வரட்டும்னு நாந்தேன் பிச்சுட்டேன்" என்பார்.

காலையில் திருச்சி ரயில் வரும்போது அவரைப் புதுக்கோட்டை டேஷனில் பார்க்கலாம். தொப்பி, காமிரா, தூக்குச்சட்டி, இவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் அந்த ஆள் அவருடையவர். பேரம் பேசுவதற்குள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்துவிடுவார். மூட்டைக்காரர் பின்னாலேயே ஓடிவருவார். ஒரே பகலில் திருக்கோகர்ணம், குருவிப்பாறை, நார்த்தாமலை எல்லாம் காட்டிவிட்டு, சாயங்கால ரயிலுக்கு அவர்களை அதே இடத்தில் இறக்கிவிடுவார். அதுதான் தொழில்.

வண்டி நாகராசுவினுடையது. சண்டையால் பெட்ரோல் கிடைக்காமல் போனபின், பின்பக்கம் ஒரு பீப்பாயைக் கட்டிக் கரிப்புகையில் ஓட்டுகிறார். மேடு வந்தால் எல்லோரும் இறங்கவேண்டும். முதலில் குதிப்பவர் உடையப்பன்தான். வண்டியிலும் படியில் தொற்றிக்கொண்டுதான் வருவார்; உட்காருவதே அவருக்கு ஆகாது. சோறு தின்பதும் நின்றுகொண்டுதான், வலது காலை இடது முழங்காலில் ஊன்றி, கொக்கு மாதிரி.

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு என் வண்டி? அப்படியே முன்னால ஓடுங்க, நாங்க தூசியப் பாத்து வந்துர்றோம்" என்று நாகராசு கேலி செய்வார்.

"ஒன் வண்டியில வர்றதுக்கு நான் ஒன் வண்டியத் தூக்கிட்டே போயிருவேன்டா."

ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று சில வருஷங்கள் சுற்றிவிட்டு, குண்டு துரத்த ஊர் திரும்பியவள் நான். வீட்டில் கால் தரிக்கவில்லை. ஒரு நாள் பொழுது போகட்டுமென்று இந்த வண்டியில் ஏறினேன். பிறகு ஏறிக்கொண்டே இருக்கிறேன். என்னைக் கண்டதும் உடையப்பன் கேட்பார்: "என்ன தாயி, மறுபடியுமா? வீட்டுப் பாயில முள்ளு கிள்ளு இருக்கா?"

அவர் சொல்லும் சரித்திரத்தை நம்பக்கூடாது. மாசி மாதம் பல்லவன் வெட்டிய குகையைப் பங்குனியில் சோழன் வெட்டியிருப்பான். ஒரு முறை பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ராசாக்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தரு சொந்தம்தான தாயி? மாமன் வெட்டுனா என்ன, மச்சான் வெட்டுனா என்ன? வெட்டிட்டுப் போயிட்டாக. இருக்கிறத நாமதான பாக்கணும்" என்று அடுத்த தூணுக்குப் போய்விட்டார்.

ஆனால் திருக்கோகர்ணத்து அம்மன் சன்னிதியில் மட்டும் குரலைத் தாழ்த்துவார். தொலைந்த பொருளைக் கேட்டால் மீட்டுத் தருபவள் என்று அவளுக்குப் பெயர். கேட்பதற்கு உடையப்பன் ஒரு முறை வைத்திருக்கிறார். "என்ன தொலைஞ்சுச்சுன்னு வெவரமாச் சொல்லணும். மொட்டையா 'தொலைஞ்சுபோச்சு ஆத்தா'ன்னா அவ எங்கிட்டுப் போயித் தேடுவா? தோடுன்னா எந்தக் காதுத் தோடு, கல்லு செவப்பா வெள்ளையா, எல்லாம் சொல்லுங்க." வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடுவார்கள்; மூடியபின் சிரிப்பதில்லை.

இதெல்லாம் முன்னுரை. அவருடைய பகல் முழுவதும் குருவிப்பாறையை நோக்கித்தான் ஓடுகிறது.

நார்த்தாமலைப் பாதையிலிருந்து விலகி, வெயிலில் காய்ந்து கிடக்கும் வெறும் பாறை அது. மேலே சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடிவாரக் கிணற்றில் சொம்பை நிரப்பி, துணியால் கட்டி, தாமே தூக்கி வருவார். ஏறும்போது யாருக்கு நாக்கு வறண்டாலும் அந்தச் சொம்பு அவிழாது. "அது நமக்கில்லீங்க, அவளுக்கு. நீங்க கீழ போயிக் குடிங்க" என்பார். அவரும் குடிக்கமாட்டார்.

பாறையின் உச்சிக்குக் கீழே ஒரு குடைவு. நாலு பேர் கை கோத்து நிற்கலாம். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் வெறும் சாம்பல் பூத்த சுண்ணாம்பு. "இதுக்கா ஏறி வந்தோம்?" என்று எவராவது கேட்கும்வரை உடையப்பன் காத்திருப்பார். அவர் காத்திருக்கும் ஒரே இடம் அதுதான். கேட்டதும் துண்டைச் சொம்பில் முக்கி, கழியின் நுனியில் சுற்றி, மேலே ஒற்றி ஒற்றி எடுப்பார்.

"ஏத்தா, எந்திரி. ஊர்லேருந்து ஆளுக வந்திருக்காக. மூஞ்சியக் காட்டு."

முதலில் பச்சை எழும்பும், தாமரை இலைகள். பிறகு ஒரு வாத்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு. பிறகு குளத்துக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில், ஒரு பெண். வலது கை விரல்களில் ஒரு செந்தாமரை மொட்டு. பறித்தாளா, பறிக்கப் போகிறாளா என்று சொல்ல முடியாத பிடி. வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பார்கள். நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பார்த்தவள், நானும் இழுத்தேன். தலையில் சொட்டிய தண்ணீரைக்கூட யாரும் துடைக்கமாட்டார்கள். ஈரம் காயக் காய அவள் மெல்ல உள்ளே போய்விடுவாள். "அம்புட்டுத்தேன். தூங்கப் போயிட்டா. நடங்க, நடங்க."

இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அடிவாரத்து மிளகாய்த் தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஓட்டிக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கிய ஒரு நாள், நனைந்த துண்டை உதறியபோது மேலே ஒரு இலை தெரிந்ததாம். அடுத்த நாள் குடத்தோடு போனாராம். அவள் வெளியே வந்த அன்றே கமலையை விட்டுவிட்டார்.

பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் குருவிப்பாறைக்கும் ஏறிற்று. திருவிழா முடிந்து நான் போனபோது, உடையப்பன் அதிக நேரம் ஒற்றினார். வாத்து வரவில்லை. வந்திருந்தவர்களுக்கு வாத்து இருந்ததே தெரியாது. அவர்கள் மகிழ்ச்சியாகக் கீழே இறங்கினார்கள். நான் நின்றுவிட்டேன்.

"அண்ணே, அவ வெரல் எங்கே?"

"இருக்கே தாயி."

"முழங்கை இருக்கு. அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமில்லையே. மொட்டு?"

"கோடையில்ல? வாடிப்போயிருக்கு." அவர் என்னைப் பார்க்காமல் துண்டை மறுபடியும் முக்கினார். "நானும் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். முன்னல்லாம் ஒரு முக்குல வந்துருவா. இப்ப நாலு முக்கு வேண்டியிருக்கு. தண்ணி பத்தலை. நாளையிலேருந்து ரெண்டு சொம்பாக் கொண்டாந்து, கொஞ்சம் வைக்கோல வச்சு மேல்தூசியத் தேச்சுவிட்டம்னா துளுத்துக்கும்."

துளிர்த்துக்கொள்ளும்! மிளகாய்ச் செடிக்குச் சொல்லும் அதே சொல். வாடினால் தண்ணீர், அது போதாவிட்டால் இன்னும் தண்ணீர். இத்தனை காலமும் அவளைக் காட்டிக்கொண்டு மட்டுமல்ல, வளர்த்துக்கொண்டும் இருந்ததாக அவர் நினைத்திருக்கிறார்.

"அந்தத் துண்டப் பிழியுங்கண்ணே" என்றேன்.

"எதுக்கு?"

"பிழியுங்க. வெளியில, வெளிச்சத்துல."

குடைவின் வாசலில் வெளுத்த பாறை மேல் பிழிந்தார். இளஞ்சிவப்பாக ஒரு ஓடை இறங்கிற்று. அதன் ஓரத்தில் மங்கலாகப் பச்சை.

"வெத்தலைச் சாறா இருக்கும்" என்றார்.

"நீங்க வெத்தலை போடறதில்லையே."

"நாகராசுப் பய துண்டத் தொட்டுருப்பான்."

"அவர் தொட்டா கருப்பாத்தானே இருக்கும்?"

அவர் பாறைமேல் இருந்த நிறத்தை ஒரு விரலால் தொட்டார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு துண்டை விரித்து, ஒவ்வொரு மூலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத் துண்டாக வாங்கியது அது. அது எப்போது காவியேறியது என்று அவர் யோசித்திருக்கமாட்டார். வெயில் சுடச்சுட அந்த நிறம் எங்கள் கண்முன்னாலேயே காய்ந்து பாறையோடு போயிற்று.

உடையப்பன் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் வாறப்பல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கீழே வண்டியடியில் நான் விஷயத்தைச் சொன்னதும் நாகராசு கரி படிந்த முகத்தைச் சுளித்தார். "இந்தாங்கண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீக. ரயில விட்டு எறங்குறவன் ஒங்க ராசா கதையக் கேக்கவா வாறான்? தண்ணி தெளிச்சா ஒரு பொம்பள வாராளாம்னு கேட்டுத்தான் வாறான். அவளக் காட்டலேன்னா ஒங்களுக்கும் வேலயில்ல, எனக்கும் வேலயில்ல. நீங்க திரும்பக் கமலை ஓட்டலாம். நான் இந்தப் பீப்பாயில என்ன, இட்டிலியா அவிக்கிறது?"

"முழங்கை வரைக்கும் போயிருச்சுடா."

"மூஞ்சி இருக்கில்ல? மூஞ்சி போற வரைக்கும் காட்டுங்க."

உடையப்பன் அவரை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். வண்டியில் ஏறாமல் நடந்தே ஊருக்குப் போனார்.

அதற்கப்புறம் சில நாட்கள் டேஷனில் அவர் இல்லை. நாகராசு சும்மா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை, திருச்சி ரயிலிலிருந்து ஒரு வக்கீல் தம் பெண்டாட்டி, அத்தை சகிதமாக இறங்கினார். கழுத்தில் காமிரா. "தண்ணீர் தெளித்தால் படம் காட்டுகிற ஆள் யாரய்யா?" என்று அவரே பிளாட்பாரத்தில் சத்தம்போட்டுக் கேட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து காக்கிக் கோட்டு வந்தது. கழி, சொம்பு, துண்டு எல்லாம் இருந்தன. நாகராசு என்னைப் பார்த்து, 'பார்த்தாயா' என்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினார். நானும் ஏறிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே சமயம் அவளை மறுபடியும் பார்க்கலாம் என்ற ஆசையும் வந்தது.

திருக்கோகர்ணத்தில் எல்லோரும் கண்ணை மூடி நின்றபோது, எப்போதும் அடுத்த இடத்துக்குத் தயாராக ஒதுங்கி நிற்கும் உடையப்பன் அன்று முன்னால் வந்தார். அவர் சொன்ன முறைப்படியே, விவரமாக, காதில் விழும்படி கேட்டார்: "வெரலு, ஆத்தா. வலது கை வெரலு அஞ்சும். பெறகு ஒரு மொட்டு, செவப்பு. ஒரு வாத்து."

வக்கீலின் அத்தை கண்ணைத் திறந்து, "என்னது, வாத்தா?" என்றாள்.

"ஆமாங்கம்மா. கழுத்தத் திருப்புன வாத்து. நடங்க, நடங்க."

அடிவாரக் கிணற்றில் வழக்கம்போல் சொம்பை நிரப்பினார். துணியை இறுக்கிக் கட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. பாதி மலையில் அத்தைக்குத் தொண்டை வறண்டது. "ஒரு வாய் தண்ணி குடேன்ப்பா, புண்ணியமாப் போகும்." உடையப்பன் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, "மேல போயிரலாம்மா" என்றார். 'நமக்கில்லீங்க' என்று அவர் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

குடைவுக்குள் வக்கீல் காமிராவைத் திறந்து, கோணம் பார்த்து, ஒரு காலை மடக்கி நின்றார். மேலே வெறும் சாம்பல் சுண்ணாம்பு. அவர் பெண்டாட்டி, "ஒண்ணுமே காணோமே. இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டாள்.

"ம், தண்ணீரைத் தெளிய்யா" என்றார் வக்கீல். "வெளிச்சம் போகிறது."

உடையப்பன் கழியைச் சுவரில் சாத்தினார். துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். சொம்பின் துணியை அவிழ்த்துவிட்டு அத்தையிடம் போனார்.

"கைய நீட்டுங்கம்மா."

அவள் குவித்த கையில் ஊற்றினார். அவள் குடித்தாள், மறுபடியும் நீட்டினாள், மறுபடியும் ஊற்றினார்.

"என்னய்யா பண்ணுகிறாய்? படத்துக்குத் தண்ணீர் வேண்டாமா?" வக்கீலின் குரல் குகைக்குள் மோதித் திரும்பிற்று. "மலைமேல் தண்ணீர் கிடையாது என்று நீதானே சொன்னாய்?"

"கெடையாதுங்க" என்றார் உடையப்பன்.

அன்று எங்கள் பின்னாலேயே ஏறிவந்திருந்த நாகராசு வாசலில் நின்று, "அண்ணே!" என்றார்.

உடையப்பன் இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நின்று, சொம்பை உயரத் தூக்கினார். நன்றாக அண்ணாந்து, உதட்டில் படாமல், அவளிருக்கும் இடத்தைப் பார்த்தபடியே, மீதித் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை தம் வாயில் ஊற்றிக்கொண்டார்.