கொக்கு ஓட்டிய கிரேன்

அவருக்குக் கொக்கு என்று பேர் வைத்தது வேலைத்தளம். நல்ல நீளக் கழுத்து. போதாக்குறைக்கு, இருபத்திரண்டு வருஷமாக உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி நீட்டிக் கீழே பார்க்கிற பிழைப்பு. கிரேன் ஆபரேட்டர்.

ஒரு நாள் மகள் பள்ளிக்கூட அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, கிரேன்னா இங்கிலீஷ்ல கொக்காம்! கழுத்தை நீட்டி எட்டிப் பாக்குறதும் கிரேன்தானாம். அப்போ நீங்க ஓட்டுறதும் கிரேன், நீங்களும் கிரேன், பண்ற வேலையும் கிரேன்!" வீடே சிரித்தது. படப்பிடிப்பில் கேமராவைத் தூக்குகிற கம்பத்துக்கும் அதே பேர், காகிதத்தில் மடிக்கிற பறவைக்கும் அதே பேர். இங்கிலீஷ்காரனுக்கு அப்படி என்ன வார்த்தைப் பஞ்சமோ! ஆனாலும் இயந்திரத்துக்கு அந்தப் பேரை வைத்தவன் பறவையை நன்றாகத்தான் பார்த்திருக்கிறான். ஓட்டுகிறவன் கழுத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கழுத்து இப்போது கெட்டுப்போயிருந்தது. இரண்டு மாதமாகக் குனிந்து பார்த்தாலே வலது கை மரத்துப்போகும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கழுத்தெலும்பு நரம்பை அழுத்துது. இனிமே கிரேன் ஏறாதீங்க" என்றார். கொக்கு அந்தப் படத்தை மனைவிக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் செருகினார். கம்பெனி கொடுத்த உடல்நலப் படிவத்தில் 'ஒரு குறையும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். கூண்டை விட்டு இறங்கினால் அவரை யார் சீண்டுவார்கள்? ஐம்பது வயதில் செங்கல் சுமக்கவா முடியும்? பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

கீழே நின்று கை காட்டுகிறவன் மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். தொங்குகிற சுமைக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது என்பது தளத்தின் முதல் விதி. வேறு யார் ஓட்டினாலும் மச்சினன் நிற்க மாட்டான். அக்கா புருஷன் ஓட்டினால் மட்டும் நிற்பான். இவரும் சும்மா இருக்க மாட்டார். சுமையை ஒரு முழம் சட்டென்று இறக்கி, ஹாரனை அடித்துப் பயம் காட்டுவார். அவன் முஷ்டியை ஆட்டுவான். இரண்டு பேரும் அடிக்கிற கூத்தைப் பார்த்துத் தளமே சிரிக்கும்.

அன்று காலை ஒரு கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் கொக்கு லீவரிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. விரல்கள் மடங்கியபடியே லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் ஹாரனை அழுத்தினார், விடாமல் அழுத்தினார். கீழே மச்சினன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். ஓடவில்லை.

ஹாரனை விட்டுவிட்டு, இடது கையால் வலது கையைப் பிய்த்து எடுத்தார். கட்டு நின்றது. ஹெல்மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்தார். மச்சினன் பாய்ந்து வந்தான்.

"என்ன மாமா, இன்னிக்கு ரொம்பத்தான் பயம் காட்டுறீங்க! நான் அசைஞ்சேனா, பாத்தீங்களா?"

"மாப்ள... அது வந்து..."

"என்ன மாமா?"

சுற்றிலும் பத்துப் பேர். சூப்பர்வைசர் வேறு டிபன் பாக்ஸைத் திறந்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்.

"ஒண்ணுமில்ல. இனிமே அடியில நிக்காத, அவ்வளவுதான்."

"அட போங்க மாமா! உங்க கையை நம்பாம வேற யார் கையை நம்புறது?" மச்சினன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "பந்தயம் வச்சுக்கலாமா? சாயங்காலம் வரைக்கும் நான் அண்ணாந்தே பாக்க மாட்டேன். மாமா என்ன வேணா பண்ணட்டும்!"

மணி அடித்தது. கொக்கு ஏணியில் ஏறினார். வழியில் இரண்டு தரம் நின்றார், இறங்கவில்லை. கூண்டில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். மச்சினன் அதே இடத்தில், சுமைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினான்.

கொக்கு வலது கையை லீவர் மேல் வைத்தார். மதிய வெயில் கண்ணாடி வழியாக இறங்கி லீவர் கொதிக்கிற நேரம். அவருக்குச் சூடே தெரியவில்லை.