துடக்குப் பட்ட கொம்பியூட்டர்

“இல்லை அம்பிகை, அந்தக் கதையை என்ர முற்றத்திலை நிண்டு கதையாதை. மேனுகாவை ஒருத்தரும் வேலையாலை கலைக்கேல்லை. கொம்பியூட்டரை அவள் பழுதாக்கவுமில்லை.”

“சங்கத் தலைவரே சொன்னவர், ஆச்சி.”

“அவர் சொன்னால்? நானும் அந்தக் கூட்டத்திலை இருந்தனான்.”

அம்பிகை போய்விட்டாள், கதை போகவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவைக்கிறேன்.

மேனுகா எங்கள் நாரந்தனைப் பெண். பனையோலைப் பெட்டி பின்னுகிற எங்கள் சங்கத்தில் அவள்தான் எழுத்து வேலை பார்த்தாள். காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கடற்காற்றில் கொம்பியூட்டரில் படிந்த உப்பைத் துடைப்பாள். பகிடி விட்டால் சிரிப்பாள். பொய் சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும். கொழும்புக் கடைகளுக்கு அவள் அடிக்கிற பில் போனால்தான் எங்கள் பெட்டிகளும் போகும்.

பில்லும் கடிதமும் அடிக்கிற மென்பொருள் பழசாகிப் போனது. புதிதாக எடுக்க இரண்டு வழி உண்டு என்று கூட்டத்தில் சொன்னாள்.

“ஒரேயடியா வாங்கினால் இப்ப விலை கூட. ஆனால் அது எங்கட கிணறு மாதிரி. வருசச் சந்தா எண்டால் புதுசு புதுசா வரும், ஆனால் பவுசர் தண்ணி மாதிரி. காசு கட்டாட்டில் நிண்டிடும்.”

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குப் பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

தலைவர் மார்க்கண்டுவுக்கு வேண்டியிருந்தது. “சுவிஸிலை இருக்கிற ஜெகதீஸ் தம்பி சந்தாவைப் பொறுப்பெடுக்கிறார். கோயிலிலை அவையின்ர நாலாம் திருவிழா மாதிரி, இதுவும் வருசா வருசம் அவற்ர உபயமா நடக்கட்டும்.”

“உபயகாரருக்கு ஏலாமல் போனால், மாமா?”

“அபசகுனமாக் கதையாதையும் பிள்ளை.”

சனம் கைதட்டியது. ஜெகதீஸின் பெயர்ப்பலகை கொம்பியூட்டருக்கு மேலே ஏறியது.

அடுத்த வருடம் ஜெகதீஸின் தாய் சுவிஸில் கண்ணை மூடினாள். அவன் ஊர்முறை மறக்காத பிள்ளை. சாவுத் துடக்குள்ள வீட்டார் அந்த வருடம் உபயம் செய்வதில்லை. திருவிழாவையும் நிறுத்தினான், சந்தாவையும் நிறுத்தினான். திருவிழாவை வேறொரு குடும்பம் எடுத்து நடத்தியது. சந்தாவை எடுக்க ஆள் இல்லை. சந்தா நின்றபின், அடித்து வைத்ததையெல்லாம் திறந்து பார்க்கலாம். புதிதாக ஒரு எழுத்துப் போட ஏலாது.

“ஜெகதீஸ் அண்ணைக்கு ஒரு ஃபோன் எடுப்பம், மாமா.”

“செத்த வீட்டிலை காசு கேக்கிறதோ?”

“அப்ப நாங்களே ஒண்டை ஒரேயடியா வாங்குவம்.”

“அவற்ர பேர் தொங்கேக்கை வேறை வாங்கினால், அவரை அவமதிக்கிறதெல்லோ? ஒரு வருசத்திலை ஆட்டைத்திவசம் முடியட்டும். அதுவரைக்கும் கையாலை எழுதும்.”

எழுதினாள். கையால் எழுதிய பில்லைக் கொழும்புக் கடைகள் ஏற்கவில்லை. பெட்டிகள் சுவரோரம் குவிந்தன. எலி வேறு குடியேறியது. ஊரில் ஒருவருக்காவது மார்க்கண்டுவைப் பிடித்து உலுப்பத் தோன்றவில்லை.

கடைசிக் கூட்டத்தில் பெண்கள் ஏசத் தொடங்கினார்கள். மார்க்கண்டு மேனுகாவைப் பாராமலே சொன்னார்: “பிள்ளை எதையோ மாறி அமத்திப்போட்டுது. அதுதான் இறுகிக் கிடக்கு.”

மேனுகா எழுந்தாள். “நான் என்னத்தை அமத்தினனான், மாமா? இவையளுக்கு உண்மையைச் சொல்லுங்கோ.”

அவர் குரலைத் தாழ்த்தினார். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. “ஜெகதீஸின்ர பேர் அடிபடக்கூடாது. நீர் சின்னப்பிள்ளை, பிழை விட்டதெண்டால் சனம் மன்னிக்கும்.”

“செய்யாத பிழைக்கு என்னை ஏன் மன்னிக்கவேணும்?”

“அவள் கேக்கிறது நியாயம்தானே!” என்று நான் சத்தம் வைத்தேன். பக்கத்தில் இருந்தவள் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

மேனுகா எங்கள் பக்கம் திரும்பினாள். “சந்தா கட்டேல்லை, அதாலை நிண்டுபோச்சுது. நான் ஒண்டையும் பழுதாக்கேல்லை,” என்று கடைசி வரிசைக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு கந்தோர்ப் பூட்டின் திறப்பை மார்க்கண்டுவின் முன்னால் வைத்தாள்.

“இரும் பிள்ளை, தேத்தண்ணி வருகுது,” என்றார் அவர், ஒன்றும் நடவாததுபோல.

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.