பத்தில் நிற்கும் குமிழ்

என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று கிடக்கிறது. முன்பக்கத் துணி கிழிந்துவிட்டது. சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழுக்குப் பக்கத்தில், ஐந்து என்ற எண்ணுக்கு நேராக, குருவி வெடி லேபிளிலிருந்து கத்தரித்த ஒரு குருவி ஒட்டியிருக்கிறது. குமிழ் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று என் அத்தை மகன் ஒட்டிய அடையாளம் அது. தாள், சிவகாசி அச்சகம் ஒன்றில் கழித்துப் போட்டது. குமிழ் இப்போது ஐந்தில் இல்லை, பத்தில் நிற்கிறது. ஐந்திலிருந்து பத்துக்கு அது எப்படிப் போனது என்பதுதான் எங்கள் பேண்டின் கதை. அதில் என் பங்கு நல்ல பங்கு இல்லை.

மூன்று பேர் இருந்தோம். நான் டிரம்ஸ். அந்த அத்தை மகன், என் மச்சான், கிதாரும் பாட்டும். கூடப் படித்த ஒருவன் பேஸ் கிதார். விருதுநகரில் அவன் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. நானும் மச்சானும் ஆமத்தூர்ப் பக்கம், வீட்டுக்கு வீடு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டி பூட்டியிருக்கும்போது பின்பக்கக் குடோனில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை பார்ப்போம். நெடி தாங்காது. ஒரு பாட்டு முடிவதற்குள் யாராவது நாலு தும்மல் போட்டுவிடுவோம். மச்சானுக்குத் தொண்டை கமறிக் கமறி, குரலே அப்படி ஆகிவிட்டது. ஊரில் அதையும் ஒரு பாணி என்று நினைத்தார்கள். ஆரம்பத்தில் இங்கிலீஷ் ராக் பாட்டுகளைத்தான் வாசித்தோம். பாதி வார்த்தைக்கு எங்களுக்கே அர்த்தம் தெரியாது. ஒரு கல்லூரி விழாவில், பாட்டு நடுவே ஆம்ப் உயிரை விட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏலே, வெடி நமுத்துப்போச்சுடோய்" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. மண்டி வீட்டுக்காரன் அடுத்த நிகழ்ச்சிக்கு எங்கள் பெயரை 'நமுத்த வெடி' என்றே எழுதிக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் சொந்தப் பாட்டு. விடியற்காலையில் வரும் கம்பெனி வேனைப் பற்றி ஒன்று. வெடிமருந்து படிந்த விரலால் சோறு பிசைகிற அம்மாவைப் பற்றி ஒன்று. அது என் அத்தைதான். அந்த நாட்களில் எங்கள் சத்தம் மெதுவாகவும் கனமாகவும் இருந்தது. சரக்கு ரயில் ஸ்டேஷனைத் தாண்டும்போது பிளாட்பாரம் காலுக்கடியில் அதிருமே, மச்சானின் கிதார் அப்படி இருக்கும். குருவியை ஒட்டியது அப்போதுதான். "இதத் தாண்டிப் போனா நம்ம சத்தம் இல்ல மாப்ளே" என்றான். எனக்கு இன்றைக்கும் பிடித்தது அந்த இரண்டு வருடத்துப் பாட்டுகள்தான். யாரும் அவற்றைப் பெரிதாகக் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும் நான் அச்சகத்துக்குப் போனேன், அவன் பட்டாசுக் கம்பெனிக்குப் போனான். பேக்கிங்கில் இருந்தவன், ஒருநாள் தூரத்தில் வெடித்ததைக் கேட்டு, அந்த லோடில் மருந்து ஈரம் என்று சும்மா சொல்லியிருக்கிறான். பிரித்துப் பார்த்தால் ஈரம்தான். ஃபோர்மேன் அன்றைக்கே அவனைச் சத்தம் பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் நின்று, ஒவ்வொரு லோடிலும் நாலைந்து வெடியைக் கொளுத்தி, சத்தம் சரியா என்று சொல்ல வேண்டும். மருந்து அறையில் உட்காருவதைவிட உயிருக்குப் பயமில்லாத வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சீசனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெடிதான். முதல் வாரம் காதில் பஞ்சு வைத்தான். ஃபோர்மேன், "பஞ்ச வச்சுக்கிட்டு என்னத்தலே கேக்கப்போற, எடுத்துப் போடு" என்றாராம். இவனும் எடுத்துப் போட்டான். நல்ல காது இருந்ததால் கிடைத்த வேலை அது. அந்தக் காதையே தின்றது. எங்கள் ஆம்பும் கொஞ்சம் தின்றிருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குமிழ் ஆறுக்குப் போனது. பிறகு ஏழு. "மந்தமா இருக்கு மாப்ளே, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி" என்பான், திருப்புவான், என்னைப் பார்த்துக் கேட்பான்: "இப்ப சரியா இருக்கா?" நான் தலையாட்டுவேன். ரசனை மாறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தோம். அத்தை வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் அடுப்படியில், குக்கரிலிருந்து கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கிதார்க் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். நான் நாலு விசில் எண்ணிவிட்டேன். அத்தை வெளியிலிருந்து, "எத்தன விசில்யா வந்திருக்கு?" என்று கேட்டார். அவன் தலை நிமிராமல், "இன்னும் வரலயேம்மா" என்றான். அத்தை ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "பாட்டு நெனப்புல இவனுக்கு வீடு பத்திக்கிட்டாலும் தெரியாது" என்று சிரித்தார். அவனும் சிரித்தான். அம்மாவின் பேச்சு கேட்டவனுக்கு, பக்கத்திலேயே அடித்த விசில் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரத்தில் மதுரையில் ஒரு போட்டி இருந்தது. அது முடியட்டும் என்று என்னிடமே சாக்குச் சொன்னேன். அந்த மேடையில் குமிழ் ஒன்பதில் இருந்தது. கிதார் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் கீறியது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தியதைப் பார்த்தேன். முதல் பரிசு எங்களுக்கு. நடுவர்களில் ஒருவர் மேடையில் மைக்கைப் பிடித்து, இது வெயில் காய்கிற ஊரின் சத்தம், இப்படித் துணிச்சலாக யாரும் வாசிப்பதில்லை என்றார். என் அத்தை மகன் செவிடாகிக்கொண்டிருந்தான். அவர்கள் கைதட்டினார்கள். அதன்பின் திருச்சி, கோயம்புத்தூர் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் மேடை ஏறுமுன் அவன் கேட்பான், "இப்ப சரியா இருக்கா?" "சரியா இருக்கு மச்சான்." இப்படியே இரண்டு சீசன், குமிழ் பத்துக்கு வந்துவிட்டது. சொன்னால் அவன் அந்த வேலையை விடுவான், விட்டால் காது அதோடாவது நிற்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் பேண்டும் நிற்கும் என்பதும் தெரியும். நான் பேண்டைப் பார்த்துக்கொண்டேன்.

சென்னையில் பாட்டுப் பதிவு செய்யப் போனோம். கண்ணாடி அறைக்குள் மச்சான் வாசித்தான். பதிவு செய்கிறவர் கிதாரின் கூர்மையைக் குறைத்துப் போட்டுக் காட்டினார். மச்சான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இது எங்கள் சத்தம் இல்லை என்று சண்டை பிடித்தான். அவர் நிதானமான மனிதர். ஸ்பீக்கரில் விசில் போல ஒரு கூர்மையான ஒலியை ஓடவிட்டு, "கேட்டதும் கையைத் தூக்குங்க சார்" என்றார். மண்டி வீட்டுக்காரன் முகத்தைச் சுளித்தான். எனக்குப் பல் கூசியது. மச்சான் இரண்டு கையையும் கிதார் மேல் வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தான். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். கடைசியாக என்னை.

"ஒனக்குத் தெரியுமாலே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்றேன்.

"எம்புட்டு நாளா?"

"குக்கர் விசில் அன்னைல இருந்து."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிதாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். ரயிலில் விருதுநகர் வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். இறங்கும்போது ஆம்பை என் பக்கம் நகர்த்தினான். "நீயே வச்சுக்க. ஒனக்குத்தான் நல்லாக் கேக்கும்." பேண்ட் அந்தப் பிளாட்பாரத்தில் முடிந்தது. அந்தக் கம்பெனி அவனைத் திரும்பப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, பொட்டலில் வேறொருவனை நிறுத்தியது. ஃபோர்மேனுக்கு ஆயிரம் வசவு வைத்திருக்கிறேன். ஆனால் அவர் பஞ்சை எடு என்று ஒரு தடவைதான் சொன்னார். நான் சரியாக இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு கல்யாணம், கருமாதி என்று எத்தனையோ தடவை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். இதைப் பேசியதில்லை. அவன் இப்போது காலண்டர் பைண்டிங்கில் இருக்கிறான். இரண்டு காதிலும் மெஷின். போன மாதம் புது வீடு பால் காய்ச்சுவதற்குப் பத்திரிகை வைக்க வந்தான். கிளம்பும்போது மாடிப்படி அடியில் ஆம்பைப் பார்த்துவிட்டான்.

"வேல செய்யுதா?" என்றான். செய்யும் என்றேன். போடச் சொன்னான். போட்டேன். கிதார் மாட்டாமலே, பத்தில் நின்ற ட்ரெபிள் உஸ்ஸென்று இரைந்தது. அவன் ஆம்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"அசிங்கமா இருக்கு மச்சான். காதக் கிழிக்குது."

அவன் தலையை ஆட்டினான். "இம்புட்டுத்தான. இதச் சொல்ல ஒனக்கு இத்தன வருசம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து, குமிழைப் பிடித்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று மெல்லத் திருப்பிக் குருவிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினான். இரைச்சல் அடங்கியது. அடங்கியதை அவன் கேட்கவில்லை. குருவித் தாளைப் பார்த்துத்தான் திருப்பினான்.

அவன் வண்டி தெருவைத் தாண்டிய பிறகு, குமிழை மறுபடியும் பத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவன் பெரிய மனது பண்ணிப் போய்விட்டான். எனக்கு அது பத்திலேயே நிற்கட்டும்.