மெட்ராஸ் எத்தனை சுற்று

எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸுக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டுத்தான் கொல்லம் மெயிலில் ஏறுவார்கள். ஒன்று, கோமதியம்மன் சன்னதிக்குப் போய்ப் புற்றுமண் எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வது. இன்னொன்று, ராஜபாளையம் ரோட்டு மாவு மில்லில் முப்பிடாதியம்மாளைப் பார்த்து வழி கேட்பது. அம்மன் எல்லோருக்கும் ஒரே மண்ணைத்தான் கொடுப்பாள். முப்பிடாதியம்மாள் ஆளைப் பார்த்து, முக்கியமாக ஆளின் காலைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"எத்தனை பேரு போறிய? பிள்ளைய உண்டா? மூட்டு வலிக்காரங்க யாரும் உண்டா?"

புருவத்திலும் முடியிலும் மாவு படிந்திருக்கும். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரலே அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னால்கூட ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

நான் செல்லப்பா. கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. ஒரே காம்பவுண்டில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. அவள் புருஷன் காசியை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் அவள் எனக்கு மதினி. எனக்குப் பொதுவாகவே மெட்ராஸ் போய்வந்தவர்களைக் கண்டால் ஆகாது. ஒரு தடவை போய் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவன், அதை அவனே கல்லெடுத்துக் கட்டினது போல ஒரு வருஷம் பேசுவான். அந்தக் கூட்டத்தில் மதினியை மட்டும்தான் என்னால் சகிக்க முடிந்தது. அவள் பெருமை பேச மாட்டாள். எங்கே உட்காரலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டு என்றுதான் சொல்லுவாள்.

"எக்மோர்ல எறங்கி செத்த காலேஜுக்கு நடந்தா ரெண்டு சுத்து. உள்ள பாக்கதுக்கு நாலு சுத்து ஆவும். திமிங்கலத்து எலும்பு கெடக்கும், அங்கன நின்னு மூச்சு வாங்கிக்கிடுங்க. உயிர் காலேஜ் ரொம்பத் தூரம் சுத்தும், பெரியாளுகளைக் கூட்டிட்டுப் போவாதிய."

செத்த காலேஜ் மியூசியம், உயிர் காலேஜ் மிருகக்காட்சி சாலை. இது மெட்ராஸ்காரர்களே சொல்லுகிற பேர்தான். 'சுத்து' மட்டும் எங்கள் ஊர் அளவு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் கோவிலைச் சுற்றி நடப்பதை நாங்கள் ஆடிச்சுற்று என்போம். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற நாட்கள் அவை. சுற்றுகிறவர்களின் கால்வலியை அவள் வாங்கிக்கொள்ளுகிறாள் என்று நம்பிக்கை. நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று ஊரே நேர்ந்துகொண்டு நடக்கும். அதனால் ஒரு சுத்து என்றால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் முட்டி வலிக்கும் என்று சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் உடம்பிலேயே தெரியும். மைல் சொன்னால் முழிக்கிறவன்கூட சுத்து சொன்னால் தலையாட்டிவிடுவான்.

அவள் இன்னொரு புத்தியும் சொல்லுவாள். "நடந்து போறவன்ட்ட வழி கேக்காதிய. இந்தா இருக்குன்னு தூரத்தைக் கொறச்சுச் சொல்லிட்டுப் போயிருவான். உக்காந்து யாவாரம் பண்ணுதவன்ட்ட கேளுங்க."

இதை நான் மதிக்காமல் போய், ஸ்பென்சரைத் தாண்டி 'இந்தா இருக்கு' 'இந்தா இருக்கு' என்று கேட்டுக் கேட்டு நடந்து, குதிகால் கொப்புளத்தோடு வந்த கதை உண்டு. அது இங்கே வேண்டாம்.

அவள் எப்படி இப்படி மெட்ராஸை அளந்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மதினிக்கு ஒரே பிள்ளை, பேச்சி. மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டது. இளம்பிள்ளைவாதம். அதற்கப்புறம் பேச்சி தவழ்ந்துதான் போவாள். அதிலும் என்ன வேகம்! காம்பவுண்டில் பந்து உருண்டால் முதலில் அவள்தான் போய்ப் பிடிப்பாள். எங்களுக்கு அது பழகிப்போனது. மதினிக்கும் பழகித்தான் இருந்தது, எழுபத்திநாலாம் வருஷம் ஆடிச்சுற்று வரை.

அந்த வருஷம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி சுற்றினாள். நானும் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆறு வயசுப் பிள்ளை கனக்குமல்லவா. மேலக் கோடியில் ஒரு ஓரமாக இறக்கிவிட்டு, சேலையை உதறிச் செருகிக்கொண்டிருந்தாள். அதற்குள் பேச்சி நடக்கிறவர்களுக்கு நடுவே தவழ்ந்து புகுந்துவிட்டாள். வெளியூர்க்காரர் ஒருவர், நல்ல மனுஷர்தான், குனிந்து அவள் முன்னால் ஒரு நாலணாவைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். பேச்சி காசை எடுத்து அம்மாவிடம் காட்டிச் சிரித்தாள்.

மதினி அந்தக் காசை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். மிச்சச் சுற்றைச் சுற்றவில்லை. வாசலில் நின்று காசி அண்ணாச்சியிடம், காம்பவுண்டு பூராவும் கேட்கும்படி சொன்னாள்.

"இனிமே எம்பிள்ள எவன் கண்ணு முன்னாலயும் தரையில தவழாது. நான் உசுரோட இருக்க மட்டும் நடக்காது. மெட்ராஸ்ல ஆஸ்பத்திரி இருக்காம்லா, நான் போறேன்."

"நான் வரலட்டி. அங்க ரோட்டக் கடக்கவே ஆளு சாவுதான்னு சொல்லுதாங்க," என்றார் அண்ணாச்சி. அரிசி மில்லில் மூட்டை சுமக்கிற ஆள், பயத்தை ஒளிக்கத் தெரியாதவர்.

"உங்கள யாரு கூப்பிட்டா," என்றாள்.

போனாள். தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது, அதுவும் எழுத்துக் கூட்டித்தான். இடுப்பில் பிள்ளை, தோளில் பை. பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்கு ஆபரேஷன் செய்தார்கள், கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், மறுபடி வரச்சொன்னார்கள். கடைசியில் தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் கம்பியும் தோல்வாரும் வைத்த காலிப்பர் இரண்டும், கக்கத்தில் ஊன்ற இரண்டு கட்டையும் கொடுத்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அளவு பார்க்கப் போகவேண்டும். பிள்ளை வளர வளரக் கம்பியும் வளர வேண்டுமே.

பேச்சிக்கு ஆஸ்பத்திரி என்றாலே அழுகை. மதினி ஒரு ஒப்பந்தம் போட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி முடிந்ததும் ஒரு இடம் காட்டுவேன், ஆனால் நடந்துதான் பார்க்கவேண்டும், தூக்க மாட்டேன். அதற்காக ஊரில் தினமும் சாயங்காலம் கோவிலைச் சுற்றிப் பழக்கினாள். முதலில் கால் சுத்து. அப்புறம் அரை. பிள்ளை விழும். தோல்வார் உரசி ரத்தம் வரும். பார்க்கிறவர்கள் மதினியைப் பேய் என்றார்கள். நானே ஒருநாள் தாங்காமல், "மதினி, போதும், பிள்ள பாவம்" என்றேன்.

"பாவம்னு சொல்லத்தான் ஊரே இருக்கே தம்பி. நானும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, "ஏட்டி, எந்திரி" என்றாள். பேச்சி அம்மாவை முறைத்துக்கொண்டே எழுந்தாள்.

ஒரு சுத்து முழுசாக வந்த வருஷம், உட்கார்ந்து உட்கார்ந்து மியூசியம் பார்த்தார்கள். பிறகு மூர் மார்க்கெட். பிறகு மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய்ப் பாம்புப் பண்ணை. "நம்ம ஊர்க்காரன் பாம்பு பாக்க மெட்ராஸ் போவணுமான்னு கேப்பாக. போவணும். இங்கன நாம பாம்பைப் பாத்தா ஓடுதோம், இல்லைன்னா கும்பிடுதோம். அங்கனதான் நின்னு பாக்கலாம்," என்று வந்து சொன்னாள். பல்லவன் பஸ்ஸின் படி உயரம், மின்சார ரயில் நடைமேடையோடு ஒட்டி நிற்பது, ஆபீஸ் நேரத்தில் சென்ட்ரல் எதிரே ரோட்டைக் கடக்கக் கூடாது என்பது, எல்லாம் பிள்ளையின் காலை வைத்துக் கற்றுக்கொண்டது. இரண்டு கால் திடமாக இருக்கிறவர்கள் வந்து கேட்டுவிட்டு, அதே அளவை மனதில் வைத்துக்கொண்டு போய்ச் சௌகரியமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஆனால் அவள் சொல்லாத இடம் ஒன்று இருந்தது. யாராவது மெரினா என்று வாயெடுத்தால் மிஷினைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுவாள். "அங்கன என்ன இருக்கு? உப்புத் தண்ணி."

காரணம் எனக்கு எண்பத்தி நாலில்தான் தெரிந்தது. எனக்கு மெட்ராஸில் டிபார்ட்மெண்ட் பரீட்சை. அதே மெயிலில் மதினியும் பேச்சியும். பேச்சி பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பாவாடை தாவணி, நீளச் சடை, அம்மாவின் குரலேதான். அடுத்த நாள் என் பரீட்சையும் அவர்கள் ஆஸ்பத்திரியும் முடிந்து, மூன்று பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"எம்மா, இந்தத் தடவ கடலு," என்றாள் பேச்சி.

"அதான் ரெண்டு தடவ பாத்தோம்லா."

"ரோட்டுல நின்னு பாத்தது கடலா? மணலத்தான் பாத்தோம்."

மதினி டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்க எழுந்து போனாள். பேச்சிதான் என்னிடம் சொன்னாள். முதல் தடவை போனபோது நடைபாதையிலிருந்து மணலில் இறங்கினதுமே கட்டை இரண்டும் உள்ளே புதைந்து முகம் குப்புற விழுந்துவிட்டாளாம். காலிப்பர் பூட்ஸ் மணலுக்குள் போனால் வெளியே வராது. உப்புத் தண்ணீர் பட்டால் கம்பி போச்சு என்று ஆஸ்பத்திரியிலும் எச்சரித்திருந்தார்கள். இரண்டாவது தடவை ரோட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்களாம். மதினியின் கணக்குக்கு அடங்காத ஒரே இடம் அதுதான்.

நானும் கூட இருக்கிறேன் என்ற தைரியமோ என்னவோ, போனோம். சாயங்காலம், நல்ல கூட்டம். சுண்டல்காரர்கள், பலூன்காரர்கள், குடும்பம் குடும்பமாக ஜனங்கள். நடைபாதை முடிகிற இடத்தில் மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"வா, தூக்கிக்கிடுதேன்."

"பதினாறு வயசுப் பிள்ளைய இடுப்புல வைப்பியா? எனக்கு வேண்டாம்."

"அப்பம் செல்லப்பாவும் நானுமா ரெண்டு பக்கம் பிடிக்கோம்."

"வேண்டாம்மா."

"அப்பம் வா, ஊரப் பாத்துப் போவோம்."

பேச்சி கட்டை இரண்டையும் கீழே போட்டுவிட்டு அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். பாவாடையை முட்டிக்கு மேலே ஒதுக்கி, காலிப்பரின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிவதற்கு முன்னால் மதினிக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி, என்ன செய்யுத? எல்லாரும் பாக்காகட்டி."

"பாக்கட்டும். நான் அவுகளப் பாக்க வரல."

"பேச்சி, வேண்டாம் மக்கா. நான் சொல்லுதேன்லா." அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாவு மில்லை மீறுகிற குரல் அடியோடு இறங்கிப் போயிருந்தது.

"நீ நடக்கச் சொன்ன, நடந்தேன். எங்க வேணும்னாலும் நடப்பேன். இங்க நடக்க முடியாதும்மா. அதுக்காகக் கடலு பாக்காம இருக்க முடியாது," என்று சொல்லி இரண்டு காலிப்பரையும் அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு கைகளை ஊன்றித் தவழ ஆரம்பித்தாள்.

பத்து வருஷமாக அவள் தரையில் தவழ்ந்து நான் பார்க்கவில்லை. மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. மணலைத் தள்ளிக்கொண்டு, சடை முதுகில் புரள, பந்தைத் துரத்துகிற அதே வேகத்தில் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பின்னால் ஓடப்போனேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடி வலித்தது.

"நீ போவாத. அவளாப் போறா."

இரும்பும் தோலுமாக இரண்டு காலையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் துடைக்கவில்லை. துடைத்தால் அந்த நேரத்துக்குப் பிள்ளை தெரியாமல் போய்விடும் என்பது போல நின்றாள். தூரத்தில் ஒரு அலை வந்து பேச்சியின் மேல் முழுசாக விழுந்தது. அவள் போட்ட கூச்சல் எங்களுக்குக் கேட்டது. சிரிப்புத்தான் அது.

பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், நல்ல பட்டுச் சேலை, உச்சுக்கொட்டினாள். "அடப் பாவமே, யார் பெத்த பிள்ளையோ."

மதினி அவள் பக்கம் திரும்பினாள். மெரினாவில் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"நான் பெத்த பிள்ளதாம்மா. கடலுக்குப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டு, காலிப்பர் இரண்டையும் என்னிடம் கொடுத்து, நனையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பார்த்து நடந்தாள்.