கடிகாரத்தின் பெயரால் சொன்ன பொய்

சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாசி மாதம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். சென்னையில் மனோதத்துவம் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அவர் வீட்டில் தங்கி, பரீட்சைக்குக் கொடுக்கவேண்டிய ஆராய்ச்சியைச் செய்து முடிக்கலாம் என்று வந்திருந்தேன். அங்கே நடந்ததை இதுவரை நான் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

மனோதத்துவம் என்றால் பைத்தியம் தெளிவிக்கிற படிப்பு என்று ஜனங்கள் நினைத்த காலம் அது. எங்கள் புரொபசருக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். இது விஞ்ஞானம், அளந்து காட்டாமல் இதில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பார். ஒரு விஷயம் இன்னொன்றைப் பாதிக்கிறதா என்று தெரியவேண்டுமானால் ஆட்களைக் கோஷ்டியாகப் பிரிக்க வேண்டும். நம் இஷ்டப்படி பிரிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோஷ்டியை ஒன்றும் செய்யாமல் விட்டுவைக்க வேண்டும். நாம் எதைச் சோதிக்கிறோம் என்று அவர்களிடம் மூச்சு விடக்கூடாது. இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு வெறி பிடித்தாற்போல ஆகிவிட்டது. கூடப் படித்தவர்கள் அர்த்தமில்லாத எழுத்துக்களை ஒருத்தருக்கொருத்தர் மனப்பாடம் செய்யச்சொல்லி நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது குழந்தை விளையாட்டாகப் பட்டது.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். ஒருவனிடம் உன் திறமை குறைந்துவிட்டது என்று பொய் சொன்னால், அது நிஜமாகவே குறைந்துவிடுமா? இதற்குச் சங்கு குளிப்பவர்களைவிட நல்ல ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? அவர்கள் பிழைப்பே மூச்சை அடக்குவது. புரொபசர் என் திட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, "ரொம்ப நேர்த்தி" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். காலையில் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், கரையில் வலை வைக்கிற கொட்டகைக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். ஓர் அண்டா நிறையத் தண்ணீர். ஒவ்வொருவராக வந்து முகத்தை அமிழ்த்தி, முடிந்தமட்டும் மூச்சடக்க வேண்டும். காலேஜிலிருந்து எடுத்து வந்த ஸ்டாப் வாட்ச் என் கையில். அதை நான் ஒருவன்தான் பார்ப்பேன். ஆட்கள் பதினெட்டுப் பேர். சீட்டுக் குலுக்கி ஆறு ஆறாகப் பிரித்தேன். ஒரு கோஷ்டிக்கு உள்ளதை உள்ளபடி சொல்வது, இன்னொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி கூட்டிச் சொல்வது, மூன்றாவதற்கு அதேபோலக் குறைத்துச் சொல்வது. இப்படி நாலு ஞாயிறு.

இத்தனை பேரை எனக்குத் திரட்டிக் கொடுத்தவர் அவர்களிலேயே ஒரு குளியாள். நாற்பது வயதிருக்கும். அந்தக் கரையில் அவரைவிட ஆழம் போகிறவர் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆழத்துக்குப் போய்ப் போய் ஒரு காது எப்போதோ அடைத்துவிட்டது. பேசுகிறவர் பக்கம் நல்ல காதைத் திருப்பிக்கொண்டுதான் கேட்பார். நான் மீன் சாப்பிடாதவன் என்று தெரிந்து, வேகவைத்த பனங்கிழங்கை ஓலையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். எதற்காக மூச்சை அளக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. பல வருஷமாக நின்றுபோயிருந்த முத்துக் குளிப்பைச் சர்க்காரில் மறுபடி திறக்கப் போகிறார்கள், நல்ல மூச்சுள்ளவனைப் பொறுக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று கரையில் ஒரு பேச்சு. அது என் காதுக்கும் வந்தது. நான் மறுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே ஆசை இருப்பது சோதனைக்கு நல்லது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அவருக்கு விழுந்தது குறைத்துச் சொல்கிற சீட்டு.

முதல் ஞாயிறு அவர் எழுபத்தொரு விநாடி அடக்கினார். பதினெட்டுப் பேரில் அதுதான் அதிகம். நான் எல்லார் முன்னிலையிலும், "ஐம்பத்தொன்பது" என்றேன். அவர் முகத்தில் தண்ணீர் வழிய வழிய என்னையே பார்த்தார்.

"சாமி, கடியாரம் சரியாத்தான் ஓடுதா?"

"சரியாத்தான் ஓடுது" என்றேன்.

இளவட்டங்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு, "காத்து சரியில்ல போல" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் நிஜமாகவே அறுபத்துமூன்று விநாடிதான் அடக்கினார். நான் ஐம்பத்தொன்று என்றேன். மூன்றாவது ஞாயிறு இன்னும் குறைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்டுக் கோடு வரைந்து பார்த்தேன். மூன்று கோஷ்டியும் மூன்று திசையில் பிரிந்து போயின. என் ஊகம் அப்படியே பலித்திருந்தது. ஒரு மனுஷன் என் வார்த்தையால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறான் என்பது அந்தக் கோட்டில் எனக்குத் தெரியவில்லை.

கொட்டகையில் நான் சொன்ன விநாடிக் கணக்கு கரை முழுக்கப் பரவியிருந்தது. தோணித் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர், அவரை ஆழத்துக்குப் போகிற தோணியிலிருந்து இறக்கிவிட்டார். "வயசாயிட்டுலே, கரையோரமா பாத்துக்க" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாராம். அவர் இடத்தில் ஏறியவன், நான் கூட்டிச் சொன்ன கோஷ்டியில் இருந்த ஒரு இளவட்டம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் குளியாள் என் சித்தப்பாவின் ஆபீஸ் வாசலுக்கு வந்து எனக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேஷ்டி கட்டி, தலை வாரி வந்திருந்தார். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"சாமி, நீங்க படிச்சவிய. மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு நெஞ்சுல எதுவும் சீக்கு இருக்கா? ராவெல்லாம் அதே நெனப்பா இருக்கு."

ஒரு வார்த்தை போதும். "நான் சொன்னது பொய்" என்றால் முடிந்துபோகும். ஆனால் இன்னும் ஒரு ஞாயிறு பாக்கியிருந்தது. இப்போது சொன்னால் அவர் மற்றவர்களிடம் சொல்வார், சோதனை மொத்தமும் பாழாகிவிடும் என்று எனக்குள் ஓடியது. "சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வர ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு எல்லாம் விவரமா சொல்றேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மத்தியானம், தோணிகளைக் கரை சேர்க்கிற கடல்காற்று எழும்புவதற்கு முன்னாலேயே ஒரு தோணி அவசரமாகக் கரைக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்து நானும் ஓடினேன். அவரைத் தூக்கி மணலில் கிடத்தியிருந்தார்கள். மூக்கிலும் காதிலும் ரத்தம். உயிர் இருந்தது. தண்டல் என் பக்கம் வந்தார்.

"காலையில வந்து காலைப் பிடிக்காத கொறையாக் கெஞ்சினான் சாமி. இன்னிக்கு ஒருநா ஏத்திக்கிடுங்க அண்ணாச்சின்னான். தான் கயித்த அசைக்காமத் தூக்கக்கூடாதுன்னு, மேல கயிறு பிடிக்கிறவன்கிட்டச் சத்தியம் வாங்கிட்டு, ஒங்க கடியாரம் பொய்யின்னு காட்டுதேன்னு சொல்லிட்டு எறங்கினான். அசைக்கவே இல்ல. பயந்துபோய் நாங்களாத்தான் இழுத்தோம்."

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். நாலாவது ஞாயிறு நான் கொட்டகைக்குப் போகவில்லை. இனி எல்லா உண்மையையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "ஏளா, சாமிக்கு உக்காரப் பலகை போடு" என்று மனைவியிடம் கத்தினார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது, மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்று.

நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே பேசினார். "ஒங்க மேல தப்பில்ல சாமி. நீங்க மொதல்லயே சொன்னிய, மூச்சு கொறஞ்சி போச்சின்னு. நாந்தான் கேக்கல."

அவர் காதருகே குனிந்து சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துச் சிரித்தார். எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசல் பக்கம் நின்ற அவர் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டுக் குலுக்கியதிலிருந்து. எப்படியாவது ஜாடை காட்டி அவருக்கு விளங்கவைக்கச் சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"நான் சொல்ல மாட்டேன். ஆண்டவர் குடுத்த மூச்சு அம்புட்டுத்தான்னு இப்பத்தான் மனசைத் தேத்திக்கிட்டு இருக்காவ. இதச் சொன்னா சாகுத வரைக்கும் ஒங்களையே நெனச்சிக்கிட்டுக் கெடப்பாவ. ஒங்க பாரத்த எறக்கிவைக்க எங்க வீடுதானா கெடச்சிது? போங்க."

போய்விட்டேன்.

சென்னைக்குத் திரும்பி ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தேன். அவருடைய கணக்கை மட்டும் எடுத்துவிட்டு, "ஒருவர் உடல்நலக் குறைவால் இடையில் விலகினார்" என்று ஒரு வரி சேர்த்தேன். புரொபசர் அந்த வரிக்கு எதிரே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. அதை வைத்து ஒரு காலேஜில் வேலையும் கிடைத்தது. சித்தப்பா ரிட்டயர் ஆகிற வரைக்கும் எத்தனையோ தடவை கூப்பிட்டும் தூத்துக்குடிக்கு நான் போகவில்லை. வேலை அதிகம் என்று அவருக்கு எழுதுவேன்.

வயது முதிராதவன், கற்றுக்கொள்கிற ஆவல், அந்தக் காலத்தில் இதையெல்லாம் தப்பென்று சொல்ல ஆள் இல்லை என்று நான் எனக்காக எத்தனையோ வாதம் செய்து பார்த்துவிட்டேன். ஆனால் பயந்துபோய் வந்து கேட்ட ஒரு மனுஷனுக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்லாமல் அனுப்பியதற்கு, நானே ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு காரணம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.