கோத்தகிரி விலாசத்தில் ஒரு கண்டி டிஷ்

அடுத்தவர் எழுதிய பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காகக் கண்டி நகரத்து அச்சகம் ஒன்றில் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படிப்பட்டவன், ஐம்பத்து மூன்றாவது வயதில், டீவிச் செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரே வாரத்தில் மூன்று ஸ்ட்ரீமிங் சேவைகளுக்குச் சந்தா கட்டிவிட்டு, பதினொரு நாள் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். கோத்தகிரியில் இருக்கும் என் அம்மாவுக்கும், கண்டியில் என்னோடு இருக்கும் என் மாமியாருக்கும் இடையில் மிச்சமிருந்த ஒரே பேச்சையும் அதே வாரத்தில் அறுத்து வைத்தேன். இரண்டும் ஒரே வேலை என்று அறுக்கும்போது எனக்குத் தெரியாது.

தான் இருப்பது கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மேட்டில் என்பது எங்கள் வீட்டு டீவிப் பெட்டிக்குத் தெரியாது. கணக்குப் பக்கத்தைத் திறந்தால் அம்மாவின் பெயரும் கோத்தகிரி விலாசமும் இருக்கும். பக்கத்திலுள்ள விற்பனையாளர் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய நம்மவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே அது சாதாரணம். தெல்தோட்டை முதல் நாவலப்பிட்டி வரை தகரக் கூரைகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிஷ்களில் பலவற்றுக்கு இந்தியாவில்தான் விலாசம். அங்கே ஒரு சித்தப்பாவோ மச்சானோ பெயர் கொடுத்திருப்பார். எங்களுக்கு அம்மா கொடுத்தார்.

நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில். எட்டு வயதில் அப்பா, அம்மா, தம்பியோடு கப்பலேறிக் கோத்தகிரி போய்ச் சேர்ந்தேன். இரண்டு அரசுகளும் தோட்டத்துத் தமிழரைப் பங்கு போட்டதில், அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தையின் குடும்பத்துக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தியா கிடைத்தது. கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரன் என்றார்கள். முப்பத்திரண்டு வயதில் அத்தையின் மகள் சாந்தியைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தேன். இங்கே இந்தியாக்காரர் என்கிறார்கள். பிறந்த நாட்டில் குடியிருக்க வருடா வருடம் விசா புதுப்பிக்கிறேன். டிஷ்ஷுக்கு அந்தத் தொல்லை இல்லை. வந்த நாளிலிருந்து கூரைமேல் நிம்மதியாக இருக்கிறது.

அம்மாவுக்கும் அத்தைக்கும் உள்ள மனத்தாங்கல் கப்பலேறிய நாளோடு தொடங்கியது. ஊரே ரயிலடிக்கு வந்து அழுதது, சொந்த நாத்தனார் மட்டும் வழியனுப்ப வரவில்லை என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அத்தை அதற்குப் பதில் சொன்னதே இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "சாப்பிட்டாளான்னு கேளு" என்று அங்கிருந்து வரும். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ள" என்று இங்கிருந்து போகும். நடுவில் நான் ஒரு தபால்பெட்டி.

டிஷ் வந்தது, தபால்பெட்டிக்கு வேலை போனது. ஏழு மணிக்கு ஒரு தொடர். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் அங்கேயும் ஏழு, இங்கேயும் ஏழு. ஏழரைக்கு அம்மா போன் போடுவார். போடுவது எப்போதும் அம்மாதான். அத்தை ஒருநாளும் தானாகப் போட்டதில்லை. அது என்ன கணக்கு என்று நான் கேட்டதும் இல்லை. தொடரில் ஒரு நாத்தனார் வருவாள், மகா கெட்டவள். "அவ கண்ணப் பாத்தியா பாக்கியம், கொள்ளிக்கண்ணு" என்பார் அம்மா. "ஆமா மதினி, இவளெல்லாம் நல்லாருப்பாளா" என்று அத்தை, தானும் ஒரு நாத்தனார் என்ற நினைப்பே இல்லாமல், மனதார ஆமோதிப்பார். ரயிலடியைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இந்தியக் காசில் கட்டும் சந்தா, இங்கே ரூபாய் விழுந்த பிறகு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அச்சகத்தில் எல்லோரும் ஃபைபர் இணையத்துக்கு மாறியிருந்தார்கள். நானும் மாறினேன். கம்பி இழுக்க வந்த சிங்கள இளைஞர் கூரையைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார். இருபது வருடமாகியும் சிங்களத்தில் வாக்கியத்தின் முதல் பாதிதான் எனக்குப் புரியும். இரண்டாம் பாதிக்கு "ஹரி, ஹரி", அதாவது சரி சரி, என்று சொல்லிவிடுவது வழக்கம். சொன்னேன். அவர் போன பிறகுதான் டிஷ் கழற்றப்பட்டுச் சமையலறைப் பின்சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். சாந்தி அதில் மிளகாய் காயப் போட்டிருந்தாள்.

இந்த ஊரில் யாரும் டிஷ்ஷை முறைப்படி நிறுத்துவதில்லை. காசு போடாமல் விட்டுவிடுவார்கள், அது தானாகச் செத்துப்போகும். நான் படித்தவன் அல்லவா? இணையதளத்துக்குள் போய், காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டு வரி நன்றியும் எழுதி, இணைப்பைத் துண்டிக்கும்படி விண்ணப்பித்தேன்.

மூன்று சேவைகளில் ஒன்று, அந்தத் தொடர் என் பிரதேசத்தில் கிடைக்காது என்றது. என் பிரதேசம் எது என்று அதற்காவது தெரிந்திருக்கிறதே என்று இருந்தது. இன்னொன்றில் கொரியாக்காரர்கள் தமிழில் அழுதார்கள். மூன்றாவதில் தொடர் முழுவதும் இருந்தது, முதல் நாளிலிருந்து நேற்றுவரை. இன்றையது மட்டும் இல்லை.

"இன்னைக்கு உள்ளது எங்க மாப்பிள்ள?" என்றார் அத்தை.

"நாளைக்கு வரும் அத்தை."

"நாளைக்கு வாறது நாளைக்கு உள்ளது தானே?"

"இல்ல, நாளைக்கு இன்னைக்கு உள்ளது வரும். நாளைக்கு உள்ளது நாளன்னைக்கு."

அத்தை விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப ஒங்கம்மா என்னையவிட ஒரு நாள் முன்னாடி போயிருவாங்க."

"எப்ப வேணும்னாலும் பாக்கலாம் அத்தை. காலையில, மத்தியானம், நிறுத்தி நிறுத்தி. அதுதான் வசதி."

"எப்ப வேணும்னாலும் பாத்து யாருகிட்ட பேசுறது?" என்றார். நான் ரிமோட்டில் பொத்தான்களைத் தேடினேன்.

அன்று ஏழரைக்குப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு எழுந்து ரொட்டிக்கு மாப்பிசையப் போனார். மூன்றாம் நாள் நானே அம்மாவை அழைத்தேன்.

"பாக்கியம் லைன வெட்டிட்டாளாமே" என்றார் அம்மா, எடுத்த எடுப்பில்.

"யார் சொன்னது?"

"கம்பெனிக்காரனே மெசேஜ் போட்ருக்கான். 'உங்கள் வேண்டுகோளின்படி துண்டிக்கப்பட்டது'ன்னு. நான் வேண்டல. அப்ப வேண்டுனது யாரு? எங்கூடப் பேசப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல. கம்பெனியவிட்டா சொல்றது?"

அம்மாவின் நம்பரில் அல்லவா இணைப்பு பதிவாகியிருக்கிறது. என் நன்றியுரைக்கு வந்த பதில் நேரே கோத்தகிரிக்குப் போயிருக்கிறது.

"அம்மா, வெட்டுனது நான்."

"மாமியாளைக் காப்பாத்தப் பொய் சொல்லாத. அன்னைக்கும் அவ இப்பிடித்தான். வாயத் தொறந்து சொல்ல மாட்டா, வராம இருந்திருவா."

ஆக, டீவியை நிறுத்தியதில் வெளியே வந்தது அந்தப் பழைய ரயிலடி. அம்மா இனிப் போன் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அத்தை போட்டதே இல்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு, அத்தைக்கு எழுபத்திரண்டு. கடவுச்சீட்டு இருவரிடமும் கிடையாது. நேரில் பார்க்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். மிச்சமிருந்தது ஏழரை மணி. அதை நான் வெட்டியிருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழையைப் போலச் சிவப்பு மையால் சரிசெய்ய முடியாத இடத்தில் செய்துவிட்டேனே என்று இரண்டு நாள் யாருடைய மெய்ப்பையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மடவளைக்குப் பஸ் ஏறினேன். அங்கே நியாஸ் நானா டிஷ் கடை வைத்திருக்கிறார்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். எங்கள் கூரையில் டிஷ்ஷைப் பூட்டியதே அவர்தான்.

"காசு போடாம உட்டிருந்தா நான் அஞ்சு நிமிசத்துல உசிர் குடுப்பன்" என்றார். "நீங்க லெட்டர் எழுதி அடக்கம் பண்ணி ஈக்கிறீங்க. இனி பேர்காரங்கட போனுக்கு ஒரு நம்பர் வரும். அத அவங்கட வாயால செல்லணும்."

"வெட்டும்போது நம்பர் ஒண்ணும் கேக்கலையே."

"வெட்டுறத்துக்கு ஆர் கேக்குற?" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

டிஷ்ஷிலிருந்த மிளகாயை அள்ளிவிட்டு நானா கூரையில் ஏறினார். மறுபடி இணைக்கச் சொல்லி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அம்மாவை அழைத்தேன். நம்பர் வந்திருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது என்றார்.

"ஏம்மா?"

"அவளுக்குத்தானே டீவி வேணும். அவளையே கேக்கச் சொல்லு. உன் போன்ல இல்ல, அவ போன்ல."

சாந்தி அத்தையைப் பார்த்தாள். அத்தை கூரையைப் பார்த்தார். "நம்பர் பத்து நிமிசந்தான் தாங்கும்" என்று கூரை பேசியது. அத்தை தன் போனை எடுத்தார். அம்மாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியவில்லை. வந்த அழைப்பை எடுத்துத்தான் பழக்கம். சாந்தி தேடிக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி."

அங்கே அம்மா டீவிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "சொல்லு பாக்கியம்."

"மாப்பிள்ள கோளாறு பண்ணிட்டாரு. அந்த நம்பரச் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் யாராவது ஒருத்தர் கோளாறு. அன்னைக்கு யாரு கோளாறு பண்ணா?"

"எங்க நீங்க பேச்ச ஆரம்பிக்கிறீங்க மதினி."

"ஸ்டேசன்ல. நீ வரலையே."

"வந்தேன்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சாந்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

"பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு கண்டி ஸ்டேசனுக்கு வந்தேன் மதினி. காலையில வந்து மத்தியானம் வரைக்கும் நின்னேன். ஒவ்வொரு பெட்டியா எட்டி எட்டிப் பாத்தேன். ஒங்களக் காணல. கோச்சி போயிருச்சு. ரொட்டிய அங்கேயே ஒரு பொம்பளைக்குக் குடுத்துட்டு வந்தேன்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க வந்தியான்னு கேக்கலையே. வரலன்னு தானே சொன்னீங்க."

"நம்பர் செத்துட்டு!" என்று நானா மேலிருந்து கத்தினார். நான் மறுபடி விண்ணப்பித்தேன். இரண்டாவது நம்பரும், இறந்துபோன அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிய பேச்சில் செத்தது. நானா கூரையில் குந்திக்கொண்டு பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாவது நம்பரை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், அத்தை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார், நான் தட்டினேன். திரையில் அம்மாவின் பெயர் வந்தது.

இப்போது போன் ஏழரைக்கு வருவதில்லை. ஏழுக்கே வந்துவிடுகிறது. இரண்டு பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடரைப் பார்க்கிறார்கள். எங்கள் டீவியில் அந்த நாத்தனார் ஒரு வசனம் பேசுவாள். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குப் பிறகு அதே வசனம் போன் வழியாகக் கோத்தகிரியிலிருந்து வரும். எல்லா அழுகையும் இரண்டு தடவை, எல்லாச் சபதமும் இரண்டு தடவை. வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு முதலில் கேட்பது வீடா, பிறகு கேட்பது வீடா என்று சில நாட்களில் குழம்பிப்போகிறது. மூன்று ஸ்ட்ரீமிங் சேவைகளும் என்ன பார்க்க விருப்பம் என்று தினமும் எனக்குச் செய்தி அனுப்புகின்றன.

நான் கண்டி ஸ்டேசனைத் தாண்டித்தான் அச்சகத்துக்குப் போகிறேன். இருபது வருடமாக அந்த மேடையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சை ஏதோ செய்யும். இங்கிருந்துதான் போனோம் என்று, நீலகிரியிலிருந்து வந்த நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தூணைக்கூடக் காட்டியிருக்கிறேன். அத்தை பேசிய பிறகு அந்த மேடைமேல் இன்னும் பாசம் கூடிவிட்டது. போன வாரம் அம்மா தனியாகக் கிடைத்தபோது கேட்டேன்.

"இப்ப திருப்தியாம்மா? அத்தை வந்திருக்காங்க பாத்தீங்களா? அத்தனை கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பாக்காம விட்டுட்டீங்க."

"கண்டியில நாம எங்கடா கோச்சி ஏறுனோம்? தோட்டத்து லாறி நேரா பேராதனைக்குல்ல போச்சு. பேராதனையில ஏறுனோம்."

"அப்ப ஏன் அத்தைகிட்ட அதைச் சொல்லல?"

"தப்பான ஸ்டேசன்ல நின்னு அழுதிருக்கான்னு இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? வந்தாள்ல, விடு."

"இல்லம்மா, எனக்குக் கண்டி ஸ்டேசன் நல்லா ஞாபகம் இருக்கு. அந்தத் தூணு, அந்த அழுகை, எல்லாம்."

"நீயா?" என்றார் அம்மா. "நீ லாறி கலஹா தாண்டுறதுக்குள்ளயே தூங்குனவன். தலைமன்னார்ல கப்பலடியில தண்ணி தெளிச்சுல்ல எழுப்புனோம்."