கழிவறைக்குப் போகும் அட்டை

எண்பதுகளில் கிள்ளானை அடுத்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஒரு வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் அட்டை ஆணியில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் செய்த சில்லுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வரியோ கேள்வியோ இல்லாமல் போர்ட் கிள்ளானில் கப்பலேறிவிடும். அதற்கென்றே அரசாங்கம் வேலி போட்டுக் கொடுத்த பேட்டை அது.

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் வெளிநாட்டு முதலாளிகள் பார்வையிட வருவதாக இருந்தது. எங்கள் கையில் ஆளுக்கொரு காகிதக் கொடி. சூப்பர்வைசர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். வெள்ளைக்காரனுக்குச் சலாம் போட்டே தன் அப்பாவின் முதுகு வளைந்தது என்று தேநீர் நேரத்தில் வீரம் பேசுவார். அன்று காலை அவரே அந்த அட்டையைக் கழற்றி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். வருகிறவர்கள் அதைப் பார்த்தால் நம் மானம் போய்விடுமாம்.

என் பக்கத்தில் பந்திங் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த அக்கா. நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அவசரமா போவணும்."

"கார்ட் இல்லாம எப்படிம்மா போவ? ரூல்ஸ் இருக்குலா. அவங்க வந்துட்டுப் போயிரட்டும்."

பூட்டிய சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

விருந்தாளிகள் தாமதித்தார்கள். அக்கா மறுபடியும் கெஞ்சினார். கடைசியில் அவர்கள் வந்து, நாங்கள் கொடியை ஆட்டியபோது, அக்காவின் நாற்காலிக்கடியில் ஈரம் பரவியது. சூப்பர்வைசர் சட்டென்று நகர்ந்து, பாலீஷ் போட்ட சப்பாத்தால் அதை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றார். தூ!

அவர்கள் போனதும் அக்கா எழுந்தார்.

"எங்கம்மா வெள்ளைக்காரத் தொர காலத்துல பால் வெட்டினாங்க. மரத்துக்குப் பின்னால ஒதுங்க யாரையும் கேட்டதில்ல."

மேலங்கியைக் கழற்றி சூப்பர்வைசர் மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

தோட்டத்தில் சுதந்திரம் பொங்கி வழிந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த லயத்து வீடுகளின் நாற்றம் எனக்கும் தெரியும். ஆனால் துரை போன பிறகு இந்த உடம்பு யாருடையது என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. நம்மவர்களே அதை வாடகைக்கு விட்டுவிட்டுக் கொடியை மட்டும் எங்களிடம் கொடுத்தார்கள்.

அக்காவின் பின்னால் யாரும் போகவில்லை. சூப்பர்வைசர் மேசையைத் திறந்து அட்டையை ஆணியில் மாட்டினார். யார் முதலில் போவது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம்.